இந்த மாசச் சிவப்பு

"ஏழு பேரும் சேர்ந்து உங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்காங்க அண்ணே!"

அறிக்கை தயாரிக்கும் இஸ்கந்தர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். சமர்கந்து கிளை மேலாளர் ஷுஹ்ரத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஏற்கெனவே அவருக்கு மனசு சரியில்லை. அந்த உலர்பழக் கம்பெனி வாங்கியிருக்கும் புது மென்பொருள், யார் எத்தனை ஆர்டர் பிடித்தார்கள் என்று மாதாமாதம் படம் போட்டுக் காட்டும். கடைசி ஆள் பெயர் சிவப்பில் வரும். தொடர்ந்து இரண்டு மாதம் சிவப்பு என்றால் வேலை காலி. போனில் ஆர்டர் எடுக்கும் ஏழு பெண்களுக்கும் அதே சட்டம், கிளை மேலாளர்களுக்கும் அதே சட்டம். சட்டம் போட்ட தலைமையகத்துக்கு மட்டும் சிவப்பே கிடையாது.

ஐந்து கிளை மேலாளர்களில் போன மாதச் சிவப்பு ஷுஹ்ரத்துக்கு.

"என்னப்பா கண்டுபிடிச்சே?"

"ஏழு மாசமா யாருக்கும் ரெண்டாவது தடவை சிவப்பு விழல. மாசத்துக்கு ஒருத்தர். தானா இப்படி அமையுமா? நோண்டிப் பார்த்தேன். ஒருத்தர் எடுத்த ஆர்டரை இன்னொருத்தர் பேர்ல ஏத்தியிருக்காங்க."

ஷுஹ்ரத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "கூப்பிடு மவ்ஜுதா அக்காவை!"

ஏழு பேரில் மூத்தவள் மவ்ஜுதா. கையில் பச்சைத் தேநீர்க் கிண்ணத்தோடு வந்தாள். படத்தைப் பார்த்தாள்.

"ஆமா தம்பி, நாங்கதான் மாத்தினோம்."

"கூசாம சொல்றீங்களே!"

"மாசம் ஒருத்தர் வீட்டுல பிலாவ் விருந்து வைக்கிறோம் இல்ல? அந்த முறைதான் இதுக்கும். யார் வீட்டுல பிலாவோ, அந்த மாசச் சிவப்பும் அவங்களுக்கு. யாராவது ஒருத்தர் கடைசியா வந்துதானே ஆகணும்? மாத்தி மாத்தி வந்துட்டுப் போறோம்."

"அப்போ நிஜமாவே கடைசி யாரு?"

அவள் தேநீர்க் கிண்ணத்துக்குள் குனிந்துகொண்டாள்.

"ஜெபோ," என்றான் இஸ்கந்தர். "ஏழு மாசமும் அவங்கதான்."

"அவ புருஷன் படுத்த படுக்கையா கிடக்கான் தம்பி. பாதி நேரம் ஆஸ்பத்திரியில நிக்கிறா. இந்த வேலையும் போச்சுன்னா மூணு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு என்ன செய்வா? கொஞ்ச நாள்ல எழுந்து நடந்துடுவான்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவரைக்கும்தான்."

"கம்பெனி என்ன தர்ம சத்திரமா அக்கா? இப்படி ஏமாத்துறவங்களை வெச்சுக்கிட்டுதான் நான் சிவப்புல நிக்கிறேன்!"

"ஒரு ஆர்டரைக்கூட நாங்க குறைக்கலியே. பேரைத்தானே மாத்தினோம்?"

"வியாக்கியானம் வேற! போங்க, போய் வேலையைப் பாருங்க!"

மவ்ஜுதா குடிக்காத தேநீரோடு திரும்பிப் போனாள். பாவம், கண் கலங்கியிருந்தது.

"ஜெபோவுக்கு வேலைநீக்கக் கடிதம் அடிச்சிடட்டுமா அண்ணே?" இஸ்கந்தர் சுறுசுறுப்பானவன்.

ஷுஹ்ரத் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு மாதம், ஏழு சிவப்பு. ஒருத்தர் வேலையும் போகவில்லை.

"நீ கண்டுபிடிச்சதை அழிச்சிடு."

"அண்ணே?"

"அழின்னா அழி. வெளியில மூச்சு விடாதே. கதவைச் சாத்திட்டுப் போ."

ஒன்றும் புரியாமல் இஸ்கந்தர் கதவைச் சாத்தும்போது, ஷுஹ்ரத் புகாரா கிளை மேலாளரிடம் போனில் குழைந்துகொண்டிருந்தார்.

"தில்ஷோத், நல்லா இருக்கியாப்பா? நாம அஞ்சு மேலாளரும் ஒரு நாளாவது ஒண்ணா உக்காந்து சாப்பிட்டிருக்கோமா, சொல்லு! மாசம் ஒருத்தர் வீட்டுல பிலாவ் வைப்போம். அதோட சேர்ந்து இன்னொரு முறையும் இருக்கு, நேர்ல சொல்றேன்... முதல் விருந்து எங்க வீட்டுலயா? ஐயோ, இல்லல்ல! எனக்குப் போன மாசமே ஆயிடுச்சு. இந்த மாசம் உன் வீட்டுல!"