சிரிக்கும் கங்கை

கண்காட்சிக்கு எடுத்துக்கொண்ட நாவலில் ஒரு பெண் கைக்குழந்தையைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் குதிப்பாள். அவளைக் கங்கையாக்கலாம் என்று ஓவியர் தையல்நாயகியும் சிற்பி சடையப்பனும் முடிவெடுத்தார்கள். பெற்ற ஏழு பிள்ளைகளைச் சாபம் தீர ஆற்றில் விட்டவள் அல்லவா கங்கை. மண் சிலை அவருடையது, வண்ணம் இவளுடையது. முகத்துக்குத்தான் மாட்டுச் சந்தை தோற்கும்படி பேரம் நடந்தது.

"ஒரு சொட்டுக் கண்ணீராவது வையேன் தாயே."

"அழுதா பொம்பள, சிரிச்சாத்தான் சாமி. போய்யா!"

சிரிப்பே படிந்தது.

கண்காட்சியின் முதல் நாள், கூட்டம் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்த பிறகும், இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி சிலை முன்னால் நின்றாள். தையல்நாயகி சரக்கை விரித்துக் காட்டுகிற உற்சாகத்தோடு கங்கையின் கதையைச் சொன்னாள்.

"அப்ப அது பாவமில்லையாக்கா?"

"பாவமா? பிள்ளைங்களுக்கு விடுதலைம்மா அது!"

"நானும் மூணு நாளா அதத்தான் நெனச்சிட்டிருக்கேன். கேக்கத்தான் ஆளில்லாம இருந்துச்சு."

தையல்நாயகி மறுநொடியே குழந்தையைப் பிடுங்கி மார்போடு இறுக்கிக்கொண்டாள். அந்தப் பெண் தடுக்கவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள்.

"மூத்தது வீட்டுல தூங்குதுக்கா. எந்திரிக்கிற நேரமாச்சு."