புத்தக ஓரத்தில் எழுதியவர்

ஏகநாதன் லாசரஸைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அன்று அவரோடு சண்டைதான் போட்டார்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் வாடகை நூல் நிலையம் வைத்திருந்தார் ஏகநாதன். திரும்பி வரும் புத்தகம் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பார். பென்சில் கிறுக்கல் இருந்தால் ரப்பர் போட்டு அழித்த பிறகுதான் அது அலமாரிக்குப் போகும்.

லாசரஸ் கொண்டுவந்து கொடுத்த சரித்திர நாவலில் பக்கத்துக்குப் பக்கம் பென்சில். யுத்தம் முடிந்த கையோடு மலாயாவிலிருந்து நம் ஜனங்கள் ஊர் திரும்பிய கதை அது. 'அப்போது பினாங்கில் அரிசியே கிடையாது', 'கப்பல் வந்தது பகலில்' என்று ஓரமெல்லாம் திருத்தம்.

"என்ன சார் இது, பள்ளிக்கூடத்துப் பரீட்சைப் பேப்பரா?"

"தப்பா எழுதினா திருத்த வேணாமா?"

"அதுக்கு என் புஸ்தகந்தான் கிடைச்சுதா? எழுதினவருக்கு ஒரு கார்டு போடுங்களேன்."

"அவர் அங்கே இருந்ததில்லை சார். அவருக்கு எழுதி என்ன பிரயோஜனம்?"

"இன்னொரு தடவை எழுதினீங்க, உங்க மெம்பர் கார்டைக் கிழிச்சுப் போட்டுடுவேன். ஆமா!"

லாசரஸ் கோபப்படவில்லை. "இனிமே எழுதலை சார். எழுத வேண்டியது முடிஞ்சுபோச்சு" என்று சொல்லிவிட்டு, குடையை மறந்து போய், திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள் காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஏகநாதன் துக்கத்துக்குப் போய், வாசலிலேயே நின்றுவிட்டு வந்தார். உள்ளே போக முகமில்லை.

மூன்று வாரம் கழித்து லாசரஸின் மனைவி ஹில்டா வந்தாள்.

"சார், அவர் கடைசியா எடுத்த புஸ்தகம் வேணும்."

"அதை நீங்களும் படிச்சிருப்பீங்களேம்மா. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே கார்டுதானே?"

"எப்பவும் அவர் படிச்சுட்டு என்கிட்ட தருவார். கதையை விட அவர் ஓரத்துல எழுதறதைத்தான் நான் முதல்ல பார்ப்பேன். இந்த மலாயாக் கதையை மட்டும் என் கண்ணுல காட்டாம நேரே உங்ககிட்ட கொண்டு வந்துட்டார். கேட்டதுக்கு, உனக்குப் பிடிக்காதுன்னார்."

ஏகநாதன் மேஜை மேலிருந்த ரப்பரை எடுத்து டிராயருக்குள் போட்டார்.

"மலாயாவுக்குப் போறப்போ என் தம்பியையும் கூட்டிட்டுப் போனார் சார். நான்தான் அனுப்பி வெச்சேன். நாப்பத்தாறுல இவர் மட்டும் வந்து இறங்கினார். அவனுக்கு ஜுரம், அடுத்த கப்பல்ல வருவான்னு சொன்னார். அடுத்த மாசம் தந்திதான் வந்தது."

"அப்புறம் அவர் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலை. நானும் கேக்கலை. கேட்டா பதில் சொல்லிடுவாரோன்னு பயம். இருபத்தஞ்சு வருஷம் ஒரே வீட்டுல பொங்கித் தின்னோம்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கல்லறைக்குக் கல்லு வெட்டக் கொடுக்கணும். 'பிரியமுள்ள கணவர்'னு போடலாமான்னு மேஸ்திரி கேக்கறார். எனக்கு வாய் வரலை சார். அவனைக் கைவிட்டுட்டு வந்தவரா, இல்லையா? எனக்கு அது தெரியணும். அதுல எழுதியிருப்பார்."

ஏகநாதன் குனிந்து மேஜைக்கு அடியில் தேடினார். பழைய வாரப் பத்திரிகைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் தேடிக்கொண்டே இருந்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அது இங்கே இல்லையேம்மா. பீர்க்கன்கரணை மெம்பர் ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்கார். உங்களுக்குத்தான் என் வழக்கம் தெரியுமே, எழுத்தையெல்லாம் அழிச்சுட்டேன்."

"அழிச்சுட்டீங்களா!" ஹில்டாவின் குரல் சந்தில் போகிறவர்களைத் திரும்ப வைத்தது. "செத்தவர் எழுத்தை அழிக்க உங்களுக்கு எப்படிய்யா கை வந்தது? உங்க புஸ்தகம் என்ன வேதாகமமா?"

"திட்டுங்கம்மா. தப்புத்தான்." ஏகநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனா படிச்சுட்டுத்தான் அழிச்சேன். ஒரு இடம் நல்லா ஞாபகம் இருக்கு."

"எந்த இடம்?"

"துறைமுகத்துக் கொட்டகையில சிநேகிதன் ஜுரமாக் கிடக்கான். கப்பலுக்குச் சங்கு ஊதறாங்க. கதாநாயகன் கிளம்ப மாட்டேன்னு உட்கார்ந்திருக்கான். 'நீ போ, நான் அடுத்த கப்பல்ல வர்றேன்'னு அந்தச் சிநேகிதனே பிடிச்சுத் தள்ளி அனுப்பறான். அதுக்குப் பக்கத்துல சார் எழுதியிருந்தார்: 'உண்மை. வில்பிரட்டும் இதைத்தான் சொன்னான்.'"

ஹில்டா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"வில்பிரட்னு பேரைப் போட்டே எழுதியிருந்தாரா?"

"பேரைப் போட்டுத்தாம்மா எழுதியிருந்தார்."

"உங்களுக்கு என் தம்பி பேர் தெரிய வழியே இல்லையே சார். நான் சொல்லவே இல்லையே." அவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "அவனேதான் போகச் சொன்னானா! அந்தப் பயல் அப்படித்தான் சார், யாருக்கும் பாரமா இருக்க மாட்டான். இதைச் சொல்லித் தொலைக்க இந்த மனுஷனுக்கு என்ன கேடு?"

ஏகநாதன் மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தாள்.

"புஸ்தகம் திரும்பி வந்தாலும் எனக்கு வேணாம் சார். இது போதும். நேரே மேஸ்திரிகிட்டத்தான் போறேன். உங்களை என்னென்னவோ பேசிட்டேன்."

"பரவாயில்லைம்மா. ஜாக்கிரதையா ரோட்டைத் தாண்டுங்க."

ஹில்டா போய் வெகுநேரம் கழித்து, மேஜைக்கு அடியில் பத்திரிகைக் கட்டுக்குள் செருகியிருந்த அந்த நாவலை எடுத்தார் ஏகநாதன். பீர்க்கன்கரணைக்கு அது போகவே இல்லை. அதற்குப் பிறகும் யாருக்கும் அவர் அதைக் கொடுக்கவில்லை.

துறைமுகக் கொட்டகைக் காட்சி வரும் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்து ஓரத்தில் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது: 'பொய். வில்பிரட் என் கையைப் பிடித்துக்கொண்டு, போகாதே என்றுதான் சொன்னான்.'