அழுந்திய இடம்

“கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வா. மேலேயிருந்து பாரு, இடது பக்கம் தட்டையா இல்லை?”

ஜன்னலோரம் குழந்தையை ஏந்தி நின்றவள் குனிந்து பார்க்கவில்லை. “நேத்தும் பார்த்தாச்சு, முந்தாநாளும் பார்த்தாச்சு. பார்க்கப் பார்க்க உருண்டையாயிடுமா என்ன?”

பார்க்கச் சொன்ன அவளுடைய கணவன் தரைக்கு டைல்ஸ் பதிப்பவன். ஒரு கல் மயிரிழை தூக்கிக்கொண்டிருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவான். மகளின் தலை தட்டையாக இருப்பதையும் அவன்தான் கண்டுபிடித்தான். குளிப்பாட்டித் துவட்டும்போது கையில் தட்டுப்பட்டது. அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

சமையலறையிலிருந்து மாமியார் குரல் கொடுத்தாள். “ஒரே பக்கமாப் படுக்கப் போட்டா தட்டையாகாம என்ன ஆகும்? மாத்திப் போடு, மாத்திப் போடுன்னு தொண்டை கிழியக் கத்தினேன். யார் காதுல விழுந்துச்சு?”

“மாத்தித்தான் அத்தை போடறேன். அவளே மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பிக்கிறா.”

“ஆமா, அஞ்சு மாசக் குழந்தை மேல பழியைப் போடு.”

அவள் குழந்தைக்குத் தொப்பி மாட்டினாள். இப்போதெல்லாம் வெயில் இல்லாத நாளிலும் தொப்பி இல்லாமல் வெளியே தூக்கிப் போவதில்லை.

மண்டை ஓட்டு எலும்புகள் சீக்கிரமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும், ஒட்டாமல் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும் என்று பக்கத்துத் தெரு டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் என்ற வார்த்தைக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் இருவர் காதிலும் ஏறவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் நிபுணர் ஒரு நடுவயதுப் பெண்மணி. குழந்தையின் தலையை மேலிருந்து பார்த்தார். இரண்டு காதுகளும் ஒரே நேராக இருக்கின்றனவா என்று பார்த்தார். குழந்தை அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

“பிரசவம் எப்படி?”

“எட்டாம் மாசமே ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க” என்றான் அவன், மனைவி வாயைத் திறப்பதற்குள். “இப்போ நல்லா இருக்கா டாக்டர். பால் குடிக்கிறா, சிரிக்கிறா. தலை மட்டும்தான்.”

ஸ்கேன் முடிந்து நடைபாதை நாற்காலியில் காத்திருந்தார்கள். குழந்தை தூங்கிவிட்டது.

“ஆபரேஷன்னு சொல்லிட்டாங்கன்னா?”

“சொல்ல மாட்டாங்க.”

“நீங்க என்ன டாக்டரா?”

“அப்போ என்கிட்ட ஏன் கேட்கிற?”

அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே மெல்லக் கேட்டாள். “உங்கம்மா சொல்றது நிஜமா இருந்தா? என்னாலதான்னா?”

அவன் காலடியில் கோணலாகப் பதித்திருந்த ஒரு கல்லைச் செருப்பு நுனியால் தேய்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

“எலும்பு எதுவும் ஒட்டலை. மூளை வளர்ச்சி நல்லா இருக்கு. ஆபரேஷனெல்லாம் வேண்டாம்” என்றார் டாக்டர்.

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள்.

“நான் படுக்க வெச்சதுல வந்ததா டாக்டர்?”

“இல்லைம்மா. பிறக்கும்போதே இருந்திருக்கு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. தட்டையா இருக்கற பக்கம் படுக்கறதுதான் அவளுக்குச் சௌகரியம். அதான் திருப்பிப் போட்டாலும் அங்கேயே போறா.”

“கேட்டீங்களா?” என்று கணவன் பக்கம் திரும்பினாள். “உங்கம்மாகிட்ட இதை ஒரு வார்த்தை விடாம சொல்லணும்.”

“சொல்றேன், சொல்றேன். எப்போ சரியாகும் டாக்டர்?”

“அளவெடுத்து ஒரு தொப்பி செஞ்சு தருவோம். கெட்டியா இருக்கும், ஆனா வலிக்காது. தட்டையான பக்கம் மட்டும் வளர இடம் விட்டிருக்கும். ஒரு வயசுக்குள்ள உருண்டையாயிடும். எந்தப் பக்கம் அழுந்தியிருந்ததுன்னு அப்புறம் உங்களுக்கே தெரியாது.”

“இன்னிக்கே அளவெடுத்துடுங்க.” அவன் எழுந்தேவிட்டான்.

அவள் எழவில்லை. “பிறக்கும்போதேன்னா... வயித்துக்குள்ள எது டாக்டர் அழுத்தும்?”

“உள்ளே நெருக்கமா இருந்தா அழுந்தும்மா. ஆனா ஒத்தைக் குழந்தைக்கு, அதுவும் எட்டாம் மாசத்துல, இவ்வளவு நெருக்கம் வராதே” என்று டாக்டர் யோசித்தார்.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவன் மெதுவாக மறுபடி உட்கார்ந்தான். தூங்கும் மகளின் தொப்பியைக் கழற்றிவிட்டு, தட்டையான அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தான். நெடுநேரம் எடுக்கவில்லை.

“அளவு கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துக்கலாமா டாக்டர்?” என்றான். “வயித்துல இவ பக்கத்துல இன்னொருத்தி இருந்தா. வெளியே வந்து அவ அழக்கூட இல்லை... அவ சாய்ஞ்சிருந்த இடம் இது.”