பதினாலு வகைச் சீட்டு

மசூர் ஹாஜியாரின் புத்தகக் கடைதான் கல்முனையிலேயே பெரியது. அங்கே வினாத்தாள் அடுக்கும் ராக்கையில் பதினாலு வகை டாரட் சீட்டு வந்து குந்தியிருந்தது.

பூனைப் படம் போட்டது, நிலாப் படம் போட்டது, ஓரத்துக்குத் தங்கப்பூச்சு அடித்தது. எல்லாம் எதிர்காலம் பார்க்கிற சீட்டு.

ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் தலைவர் கலந்தர் காக்கா நாலு பேரோடு வந்துவிட்டார். குர்ஆன் விற்கிற கடையில் குறி பார்க்கிற சீட்டா, யார் இதை எடுப்பித்தது என்று கேட்டார்.

மாடியில் ஓடர் எழுதுகிற பவிதரன் இறங்கி வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது. "ஹாஜியார்தான் கீழ நிண்டு சொன்ன" என்றான்.

ஓசியில் படக்கதை வாசித்துக்கொண்டிருந்த நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்தினேன். சொன்னது ஹாஜியார் இல்லை. நான்.

ஊரில் நான் எடுக்காத குரல் இல்லை. பாங்கு சொல்கிற மோதினார், பஸ் கொண்டக்டர், கணக்கு டீச்சர், எல்லாம் வரும். இரண்டு கிழமைக்கு முன் ஹாஜியார் லுஹர் தொழப் போன நேரம், மேசையில் டாரட் சீட்டும் போட்ட கொழும்பு விலைப்பட்டியல் கிடந்தது. படிக்கட்டுக்குக் கீழே நின்று, அவரைப் போலவே தொண்டையைக் கனைத்து, "பவிதரன், டாரட் சீட்டு எல்லா வகையிலயும் ரெண்டு போடு, வெளங்கிச்சா?" என்றேன்.

மேலேயிருந்து "ஓம் ஹாஜியார்" என்று வந்தது. அன்றைக்கு முழுக்கச் சிரித்தேன்.

இப்போது பவிதரனின் வேலை போகப் போகிறது.

ஹாஜியார் சீட்டைப் பார்த்தார். பவிதரனைப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"ஓம், நான்தான் சொன்ன. பிழ என்ட. திருப்பி அனுப்புறன்."

வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. என்ன மனுசன்! வேலைக்காரனைக் காப்பாற்றப் பள்ளிவாசல் தலைவரிடமே பொய் சொல்கிறார். பிழை செய்த நான் படக்கதை வாசிக்கிறேன். அந்த நினைப்பு என்னை விடவில்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பப் போனேன். ஹாஜியார் ஒரு துண்டில் ஏதோ எழுதிக் காசு மேசைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டுத் துண்டு.

"ஹாஜியார், அண்டைக்குப் பவிதரனுக்குச் சொன்ன நீங்க இல்ல. நான்."

"நீயா அர்ஷாத்? எப்பிடி?"

தொண்டையைக் கனைத்து அதே வசனத்தைச் சொன்னேன். மாடியிலிருந்து உடனே "ஓம் ஹாஜியார்" என்று வந்தது.

கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. அவர் கதிரையில் தொப்பென்று இருந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். இன்னொரு தரமும் சொன்னார். கண் நிறைந்திருந்தது.

கண்ணாடியில் ஒட்டியிருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகக் கிழித்தார். பிறகு மாடியைப் பார்த்துத் தொண்டையைக் கனைத்தார்.

"பவிதரன், திங்கக்கிழம மட்டக்களப்பு மறதி டொக்டருக்கு எடுத்த நம்பரக் கென்சல் பண்ணு. எனக்கு ஒண்டும் மறக்கல்ல, வெளங்கிச்சா?"