உடையும் பொருள்

செழியன் மொட்டைமாடியிலிருந்து பெட்டியைக் கீழே தள்ளிவிட்டான்.

நீளமான அட்டைப்பெட்டி. வாசலில் விழுந்து, ஒருமுறை எகிறி, அடங்கியது. அடுப்படியிலிருந்து சுபஸ்ரீ ஓடிவந்தாள்.

"இன்னாங்க, புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு? நேத்து வரைக்கும் கிட்டார யாரும் தொடக்கூடாதுன்னீங்க!"

"பொட்டி தாங்குதான்னு பாக்க வேணாமா? கூரியர்ல இதவிட மோசமாப் போடுவாங்க."

இறங்கி வந்தான். பெட்டியைத் தூக்கிக் காதருகே ஆட்டினான். சத்தமே இல்லை. அவன் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன் வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார். இரண்டு பாட்டுக்கு மேல் அவனுக்கு வரவில்லை. இணையத்தில் விற்பனைக்குப் போட்டு ஒரு மாதம் கழித்துத்தான் ஆள் கிடைத்தார். கோயம்புத்தூர் ஆகாஷ். முன்பு அவர் வாங்கிய ஒன்று கழுத்து முறிந்து வந்ததாம். ஒரு கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று மூன்று முறை செய்தி அனுப்பியிருந்தார்.

கிட்டார் மாட்டியிருந்த மூலையில் சுபஸ்ரீ தையல் மெஷின் போடப்போகிறாள். கிட்டார் திரும்பி வந்தால் மெஷின் வராது. சுவரில் இப்போது ஆணி மட்டும் இருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"டேப்பு தீந்துபோச்சி" என்றான் செழியன். "உடையும் பொருள்னு ஸ்டிக்கர் வேற ஒட்டணும். கள்ளக்குறிச்சி போய் வாங்கிக்கினு வரேன்."

"ஏன், நம்ம கச்சிராயபாளையத்துல டேப்பு கெடைக்காதா?"

"நல்ல டேப்பு கெடைக்காது."

பைக் கிளம்பியது.

கொட்டகையிலிருந்து மாமனார் நாராயணசாமி வந்தார். "மம்பட்டியப் பாத்தியாம்மா? அஞ்சு மணிக்கு நம்ம மொற. வாய்க்கா தண்ணி வந்துடும். கரும்புக்கு மடை திருப்பணும்."

"அங்கதான் இருந்துச்சி மாமா."

"இல்ல. பக்கத்துக் கொல்ல பூமாலைதான் எடுத்திருப்பான். போன மாசமும் கேக்காமத்தான் எடுத்தான்."

மணி மூன்றைத் தாண்டியது. கூரியர் வண்டி நான்கு மணிக்குப் போய்விடும். அதை விட்டால் திங்கட்கிழமை. சுபஸ்ரீ செழியனுக்குப் போன் செய்தாள். கட்டிலின் மேல் மணி அடித்தது. போனை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

டேப் எதற்கு? சுபஸ்ரீ கோணி ஊசியை எடுத்தாள். பழைய வெள்ளை வேட்டியைப் பெட்டியின் மேல் இழுத்துச் சுற்றி, நெருக்கமாகத் தைத்தாள். விலாசம் எழுதினாள். 'உடையும் பொருள்' என்று நான்கு பக்கமும் எழுதினாள்.

"மாமா, இதச் சந்தியாவோட கூரியர் கடையில குடுத்துட்டு வந்துடுங்க."

"மம்பட்டியக் காணோம்னு நானே அலைஞ்சிக்கினு இருக்கறேன். எனக்கு வேற வேல இல்லயா?"

"உடையற பொருளு மாமா. வேற யார நம்பிக் குடுக்கறது?"

நாராயணசாமி குனிந்தார். பெட்டியைத் தூக்கித் தோளில் சாய்த்தார். நாள்பட்ட பழக்கம்போல் அது அங்கே உட்கார்ந்தது.

"இதுலேர்ந்தா அந்த எழவு சத்தம் வந்துச்சி?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார்.

அரை மணியில் திரும்பினார்.

"சந்தியா அசந்துட்டாம்மா. கண்ணாடிச் சாமான்கூட இவ்ளோ பத்தரமா வந்ததில்லன்னா. கொழந்தைய வாங்கற மாதிரி ரெண்டு கையால வாங்கினா."

"வண்டி?"

"என் கண்ணு முன்னாடிதான் போச்சி. வர வழியில பூமாலையப் புடிச்சேன். கற்பூரம் அணைச்சி சத்தியம் பண்றேன்றான். திருட்டுப் பய."

செழியன் வந்தபோது மணி நாலரை. கையில் இரண்டு டேப், ஒரு கட்டு ஸ்டிக்கர். சுபஸ்ரீ இஞ்சு டேப்பால் மூலையை அளந்துகொண்டிருந்தாள்.

"பொட்டி எங்க?"

"போயிடுச்சி. நீங்க ஆடி அசைஞ்சி வர வரைக்கும் வண்டி நிக்குமா? நானே தச்சி அனுப்பிட்டேன். ஒரு நூலு பிரியாது."

செழியன் கட்டிலருகே போனான். மண்டியிட்டான். போர்வை சுற்றிய ஒன்றைக் கட்டிலுக்கடியிலிருந்து மெதுவாக இழுத்தான். போர்வை விலகியது. உள்ளே கிட்டார் இருந்தது. ஆறு தந்திகளும் தளர்ந்து கிடந்தன.

சுபஸ்ரீ சுவரில் சாய்ந்தாள். "அப்போ மாடியிலேர்ந்து போட்டது?"

"கிட்டார வச்சா போட்டுப் பாப்பாங்க? அதே நீளத்துல, அதே கனத்துல வேற ஒண்ண வச்சேன்."

வாசலில் நாராயணசாமி செருப்பை மாட்டினார். "இதுக்கு மேல பொறுக்க முடியாது. டேசன்ல எழுதிக் குடுக்கறேன். பூமாலைய உள்ள தள்ளினாத்தான் என் மனசு ஆறும்."

செழியன் வாசலுக்கு ஓடினான்.

"போவாதப்பா. உன் மம்பட்டி கோயம்புத்தூருக்குப் போய்க்கினு இருக்குது."