கதவுக்கு அந்தப் பக்கம்

இன்ஸ்பெக்டர் பஞ்சுவின் காதைக் கிழித்துவிட்டார். கிழித்த கையோடு ஹால் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, எனக்கென்ன வந்தது என்பதுபோல் முன்னங்காலை நக்க ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் அந்த வீட்டுப் பூனை. ஆறு வருடமாக வீட்டை ரோந்து சுற்றுபவர். பஞ்சுவும் பூனைதான். இரண்டாம் தாரமாக வந்தவள் ஒரு கையில் பெட்டியும் இன்னொரு கையில் கூடையுமாக இறங்கினாளே, அந்தக் கூடைக்குள் இருந்த வெள்ளைப் பூனை.

தப்பு அவளுடையதுதான். மிருக டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். புதியதை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ஒன்றைத் துடைத்த துணியை மற்றதன் சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு அடியில் போடுங்கள். வயிறு நிறையும்போதெல்லாம் அந்த வாசனையும் மூக்கில் ஏறட்டும். சீறாமல் சாப்பிட்டால் கிண்ணத்தைக் கதவுப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள்.

"ரெண்டும் கதவு வரைக்கும் வந்து அமைதியா சாப்பிடணும். அப்புறம்தான் திறக்கணும். அவசரப்பட்டா மறுபடி முதல்லேர்ந்துதான்" என்றார்.

கூட வந்திருந்த ஒன்பது வயது மகள் வழி முழுக்க வாயைத் திறக்கவில்லை. முதல் தாரத்துக் குழந்தை. இன்ஸ்பெக்டர் அதன் அம்மா ஆசையாக வளர்த்த பூனை. அம்மா போய் இரண்டு வருடமாகிறது. டாக்டரிடம் அது ஒன்றே ஒன்றுதான் கேட்டது.

"அப்புறம் ஃப்ரெண்ட்ஸ் ஆயிடுமா?"

"சிலது ஆகும். சிலது சண்டை போடாம ஒரே வீட்ல இருக்கப் பழகும். அதுவே பெரிய விஷயம்தான்."

மூன்று வாரம் அவள் பூனைகளுக்குத் துணி மாற்றினாள், கிண்ணம் நகர்த்தினாள். இன்ஸ்பெக்டர் கதவைப் பார்த்து உறுமுவதை நிறுத்தவே பத்தொன்பது நாள் ஆயிற்று. இரண்டு நாள் சத்தமில்லாமல் போனதும், கிண்ணம் இன்னும் பாதி ஹாலில் இருக்கும்போதே, அவள்தான் பொறுக்காமல் கதவைத் திறந்தாள். அதற்குத்தான் இந்தக் காது.

பூனையாவது பரவாயில்லை. குழந்தைதான் அவளை அரித்தது. டாக்டரிடம் போய்வந்த மறுநாளிலிருந்து அது அவளோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். அவளை இதுவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

சாப்பிட்ட தட்டைக்கூட ஓர் இடத்தில் வைக்கத் தெரியாத பிள்ளை. முதல் வாரம் ஜன்னலடியில் கிடந்தது. அப்புறம் கட்டிலுக்குக் கீழே. நேற்று அறை நடுவில் கிடந்து அவள் காலில் இடறியது. ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்தவள் அவள்தான்.

போதாததற்கு, பேக்கரி வேலைக்குக் கட்டும் ஏப்ரன் இரண்டைக் காணோம். இரண்டுமே துவைக்கப் போட்டிருந்த அழுக்கு. மாவும் வேர்வையுமாக இருந்ததை யார் எடுப்பார்கள்? தன்னுடையது ஒன்றும் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று குழந்தை குப்பையில் போட்டிருக்கும். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. தோன்றியபோது அழுகையே வந்துவிட்டது.

கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எது சிக்கிக்கொண்டாலும் இரண்டு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவன். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லிவிட்டு இன்றைக்கும் டூட்டிக்குப் போய்விட்டான். ஆனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தாள், அந்தக் குழந்தைக்குப் பிடிக்காத வீட்டில் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன் என்று.

பஞ்சுவின் காதுக்கு மருந்து போட்டுக் கூடைக்குள் விட்டாள். நாலு துணியைப் பெட்டியில் அடைத்தாள். மத்தியானச் சாப்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். குழந்தை வழக்கம்போல் தட்டோடு உள்ளே போனது. பின்னாலேயே இன்ஸ்பெக்டரும் போனார். கதவு சாத்திக்கொண்டது.

சொல்லாமல் போக மனசு வரவில்லை. கூடையும் கையுமாகக் கதவைத் தட்டினாள்.

"நான் எங்க அக்கா வீட்டுக்குப் போறேம்மா. இனி வர மாட்டேன். நீ தட்டை எடுத்துட்டு வெளியே வந்தே சாப்பிடலாம்."

மெல்லத் தள்ளினாள். கதவு ஒரு சாண் திறந்து, தட்டில் இடித்து நின்றது. இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

கதவை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது குழந்தை. பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் கூடையைப் பார்த்து ஒரு சீறல் சீறினார். ஆனால் எழுந்து வரவில்லை. கட்டிலில் தலையணையின் மேல் ஓர் ஏப்ரன் விரித்திருந்தது. இன்னொன்று, மாவுக் கறையோடு, நாலாக மடித்துத் தட்டுக்கு அடியில் இருந்தது.

அவள் கையிலிருந்த கூடையைத் தரையில் வைத்தாள். குழந்தை வாயில் இருந்ததை அவசரமாக விழுங்கியது.

"போகாதீங்க சித்தி. நான் கதவு வரைக்கும் வந்துட்டேன்."