ஒரு தேய்ப்பு அதிகம்

"வெளிச்சம் தெரியுது சின்னராசு. இந்தத் தடவையும் ஃபெயில்."

பயிற்சி கொடுக்கும் சம்பத்குமார், இரண்டு இரும்புத் துண்டுகளையும் சேர்த்து ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஒன்றின் பள்ளத்தில் இன்னொன்று அச்சாக உட்காரும்படி செய்ய வேண்டும். நடுவே பொட்டு வெளிச்சம் வரக்கூடாது. அதுதான் பரீட்சை.

"ஆமா சார். ஒரு தேய்ப்பு கூடுதலா தேச்சிட்டேன்" என்றார் சின்னராசு, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

அடுத்து தாவீதின் துண்டுகள். அதிலும் வெளிச்சம்.

இரண்டு பேருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. கும்மிடிப்பூண்டியில் ஒரே பண்ணையில் இருபது வருஷம் ஏர் ஓட்டியவர்கள். எழுபத்து நாலாம் வருஷம் பண்ணைக்காரர் நிலத்தைத் தொழிற்சாலை கட்ட ஒரு கம்பெனிக்கு விற்றார். உழுதவர்களுக்கும் வேலை கொடு என்று ஊரே திரண்டு நின்று கேட்டதில் கிடைத்த இடம் இது.

கூடச் சேர்ந்த இளவட்டங்கள் எல்லாம் முதல் பரீட்சையிலேயே தேறி மெஷினுக்குப் போய்விட்டார்கள். இந்த இருவர்தான் பாக்கி. பையன்கள் போகும்போதும் வரும்போதும் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னா பெரிசு, இன்னும் ஒண்ணாங்கிளாஸா?" என்று வம்புக்கு இழுத்தார்கள்.

"அடுத்த மாசம் கடைசிப் பரீட்சை. ஞாபகம் இருக்கா?" என்றான் சம்பத்குமார்.

"இருக்குது சார்."

"அதுலயும் போச்சுன்னா வெளியில லாரிக்கு லோடு தூக்கணும். தினக்கூலி. மாசச் சம்பளம் கிடையாது."

"பாத்துக்கலாம் சார். ரெண்டு வாட்டி வெதச்சது வீணாப் போச்சின்னா, மூணாவது வாட்டி வெதைக்காம உட்ருவமா?"

சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு சோற்றுத் தூக்கைத் திறந்தார் சின்னராசு. தாவீது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கருவாட்டுத் துண்டை அவருக்கு வைத்தார். இரண்டு பேரும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி ரசித்துச் சாப்பிட்டார்கள்.

சம்பத்குமாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழகும்போது ஒழுங்காக அராவுகிற கை, பரீட்சை என்றால் மட்டும் சறுக்குகிறது. சரி, வயசாகிவிட்டது. அதற்காகக் கொஞ்சம் வருத்தமாவது வேண்டாமா? எருமை மாட்டின் மேல் மழை பெய்த கதைதான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இவர்கள் அம்மியைவிடக் கனம்.

அன்றைக்கே மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தான். 'இந்த இருவருக்கும் இனி இந்தத் தொழில் வராது.' கடைசிப் பரீட்சை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்று மேஜைக்குள் போட்டான்.

கடைசிப் பரீட்சையும் வந்தது.

சின்னராசுவின் துண்டுகளை ஜன்னலுக்கு நேரே பிடித்தான். வெளிச்சம் இல்லை. திருப்பிப் பார்த்தான். அப்போதும் இல்லை. தாவீதின் துண்டுகளும் அப்படியே, ஒட்டிப் பிறந்த மாதிரி.

அவனால் தன் கண்ணையே நம்ப முடியவில்லை. மேஜைக்குள் இருந்த கடிதத்தை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்தான்.

தாவீது டீ குடிக்கப் போனார். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட நின்ற சின்னராசுவை சம்பத்குமார் விடவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. இவ்வளவு சுத்தமா வேலை செய்யற கை, ரெண்டு தடவை எப்படிச் சறுக்கிச்சு?"

சின்னராசு வாசலைப் பார்த்தார். ஆள் இல்லை.

"வேணும்னேதான் சார் ஒரு தேய்ப்பு கூடுதலா தேச்சேன்."

"என்னது?"

"வந்த மொத நாளே, 'ஊட்டுக்குப் போயிடலாமாடா'ன்னு கேட்டான் சார் தாவீது. நான் பாட்டுக்கு பாஸ் பண்ணிக்கினு உள்ள போயிட்டா, அவன் இங்க ஒத்தையில குந்திக்கினு இந்தப் பசங்க பேச்சைக் கேக்கணும். மறுநாளே ஓடியிருப்பான். நாலு புள்ளைங்க சார் அவனுக்கு."

"அப்போ இன்னிக்கு?"

"ஞாயித்துக்கெழமையில, தேஞ்ச அரம் ஒண்ணை வச்சிக்கினு, இப்டிப் புடி, அப்டித் தேயின்னு அவன் கையைப் பழக்கி உட்டேன். இந்த வாட்டி தேறிடுவான்னு தைரியம் வந்திச்சி. நீங்க அவன்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க சார்."

சம்பத்குமாருக்கு வெட்கமாகப் போயிற்று. இந்த மனுஷனையா சொரணை இல்லாதவர் என்று நினைத்தோம்? வெட்கத்தோடு கூடவே, காரணமில்லாமல் ஒரு சந்தோஷமும் வந்தது.

நேராக கேண்டீனுக்குப் போனான். விஷயத்தைச் சொல்லக் கூடாதுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"தாவீது, சின்னராசு மாதிரி ஒரு சிநேகிதர் கிடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும். அவரை விட்டுடாதீங்க."

தாவீது டீ கிளாஸைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க சார் உடறது? அவன் வெளியதான் சிரிப்பான், உள்ளுக்குள்ள பயந்தாங்கொள்ளி. மொத நாளே, 'ஊட்டுக்குப் போயிடலாமாடா'ன்னு சும்மா ஆழம் பாத்தேன், வாயடைச்சிப் போயி நின்னான். ஒத்தையில உட்டா தாங்க மாட்டான்னுதான் ரெண்டு பரீட்சையிலயும் வேணும்னே ஒரு தேய்ப்பு கூடுதலா தேச்சேன். ஞாயித்துக்கெழமையில, அவன் எனக்குச் சொல்லிக் குடுக்கிற மாதிரி உட்டு, அவன் கையைப் பழக்கினேன். அவனுக்குத் தெரிய வேணாம் சார், நம்மளால இவனுக்கு ரெண்டு பரீட்சை போச்சேன்னு நொந்துக்குவான்."